இரக்கத்தைக் கணக்கேட்டில் எழுதியவர்

பேச்சிப்பாறை அணையைக் காண வருகிறவர்கள், மலைகளுக்கு நடுவே தேங்கி நிற்கும் நீர்ப்பரப்பைப் பார்த்து வியந்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நாஞ்சில் நாட்டு விவசாயியின் பார்வை வேறு. கன்னிப்பூ சாகுபடிக்கு மதகு திறந்த நாள் முதல் அவருடைய கவலையெல்லாம் கடைமடையைப் பற்றியதாகவே இருக்கும். அணையில் எத்தனை அடி நீர் நிற்கிறது என்பதோடு அவர் கேள்வி முடிவதில்லை. கடைசி வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்ததா என்பதையும் அவர் கேட்பார். நீர் அங்கே போய்ச் சேராவிட்டால், அந்த வயல்காரருக்கு அணை இருந்தும் இல்லாததே ஆகும்.

ஆட்சியாளர்களின் இரக்கமும் இப்படிப்பட்டதுதான். ஏழைகளைப் பற்றி மேடையில் உருகிப் பேசாத ஆட்சியாளர் உலகில் எவருமில்லை. அந்த உருக்கம் கடைக்கோடியில் பசித்திருக்கும் குழந்தையின் தட்டுவரை போய்ச் சேர்ந்ததா என்பதே கேள்வி. அப்படிக் கொண்டு சேர்க்கப் பாடுபட்ட ஒருவரின் வாழ்க்கையை இந்த இதழில் பார்ப்போம். அவர் பெருந்தலைவர் காமராஜர். அன்னார் சகோதர சமயத்தைச் சேர்ந்தவர். 1967ஆம் ஆண்டுத் தேர்தலில் முஸ்லிம் லீக் அவருடைய கட்சிக்கு எதிரணியில் நின்றதையும் நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆயினும், நீதியுடன் சாட்சி சொல்வதில் வேண்டியவர் வேண்டாதவர் என்று பார்க்கக் கூடாது என்பதே நம் மார்க்கம் நமக்குக் கற்றுத் தந்த பாடம். அந்த நீதியுணர்வுடன் அன்னாரின் வாழ்வை நோக்குவோம்.

பிடி அரிசியில் பெற்ற கல்வி

1903ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள், அக்காலத்தில் விருதுபட்டி எனப்பட்ட விருதுநகரில் குமாரசாமி - சிவகாமி தம்பதியருக்கு மகனாகப் பிறந்தார் காமராஜர். சிறு வயதிலேயே தந்தையை இழந்து யத்தீம் ஆனார். தாயார் தம் நகைகளை விற்று, அந்தப் பணத்தின் வட்டியில் குடும்பத்தை நடத்தினார் என்று வரலாறு கூறுகிறது. தந்தையற்ற வீட்டில் அடுப்பு எரிவது எவ்வளவு கடினம் என்பதை அனுபவித்தவர்களே அறிவார்கள்.

அவர் படித்த சத்திரிய வித்தியாசாலை, அவ்வூர் நாடார் சமுதாயத்தினர் வீட்டுக்கு வீடு பிடி அரிசி சேர்த்தும், வியாபாரத்தில் மகிமை என்று ஒரு சிறு பங்கு ஒதுக்கியும் நடத்தி வந்த பள்ளிக்கூடமாகும். பிடி அரிசி என்பது நமக்கும் புதிதன்று. உலை வைக்கும்போது நம் தாய்மார்கள் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைத்த ஊர்களில்தான் நம் மத்ரஸாக்கள் பலவும் தழைத்தன. ஒரு வீட்டுக்கு அது ஒரு பிடிதான். ஊர் முழுவதும் சேரும்போது அது ஒரு பள்ளிக்கூடமாகிறது. இந்தக் கணக்கைச் சிறுவன் காமராஜ் ஏட்டில் படிக்கவில்லை. தான் உட்கார்ந்திருந்த வகுப்பிலேயே கண்டான்.

அந்தப் படிப்பும் நெடுநாள் நீடிக்கவில்லை. ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டு, மாமாவின் ஜவுளிக்கடையில் வேலைக்குப் போக நேர்ந்தது. அரசியல் கூட்டங்களுக்குப் போகத் தொடங்கியதைக் கண்ட உறவினர்கள், அவரைத் திருவனந்தபுரத்தில் மரக்கடை வைத்திருந்த மற்றொரு மாமாவிடம் அனுப்பி வைத்தார்கள். போன இடத்திலும் அவர் மனம் கல்லாப்பெட்டியில் நிலைக்கவில்லை. தாழ்த்தப்பட்ட மக்கள் கோவிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கவும் கூடாது என்ற கொடுமையை எதிர்த்து 1924ஆம் ஆண்டு வைக்கத்தில் நடந்த சத்தியாக்கிரகத்தில் அவரும் கலந்துகொண்டார். பேச்சிப்பாறை உள்ளிட்ட நம் பகுதி அன்று திருவிதாங்கூர் மன்னரின் ஆட்சியில் இருந்தது. நம் மண்ணின் அன்றைய அநீதிகளில் ஒன்றை எதிர்த்தே அவருடைய பொதுவாழ்வு வேர்விட்டது என்பதை இங்குள்ளவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

பதவி ஓர் அமானத்

1930ஆம் ஆண்டு வேதாரண்யம் உப்பு சத்தியாக்கிரகத்தின்போது அவர் முதன்முறையாகச் சிறை சென்றார். அதன்பின் நாடு விடுதலை அடைவதற்குள் பல தடவைகளாக எட்டு ஆண்டுகளுக்கும் மேலாகச் சிறையில் கழித்தார். மணம் செய்துகொள்ளாமலே வாழ்ந்தார்.

1941ஆம் ஆண்டு அவர் சிறையில் இருந்தபோதே விருதுநகர் நகராட்சித் தலைவராக ஊர் மக்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். விடுதலையாகி வந்த அவர் அந்தப் பதவியைத் துறந்துவிட்டார். முழுமையாக வேலை செய்ய முடியாத ஒரு பொறுப்பை ஏற்று வைத்திருப்பது முறையன்று என்பது அவருடைய கருத்து. நம் மார்க்கத்தில் பதவியை அமானத் என்று சொல்கிறோம். ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்ட பொருளை அவர் காக்க வேண்டும். காக்க இயலாதெனில் ஏற்கக் கூடாது. பெயருக்குத் தலைவராக இருந்துகொண்டு ஆண்டுக்கொரு முறை மட்டும் கூட்டத்துக்கு வருகிற நம் ஜமாஅத் நிர்வாகிகள் சிலர் இந்தச் செய்தியைச் சற்று ஊன்றிப் படிப்பது நல்லது.

1954ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் அவர் சென்னை மாநிலத்தின் முதலமைச்சரானார். அமைச்சரவையில் அவரையும் சேர்த்து எட்டுப் பேர்தான். தலைமைப் பதவிக்குத் தம்மை எதிர்த்துப் போட்டியிட்ட சி.சுப்பிரமணியத்தையும், அவரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். கோவில் வாசல் மறுக்கப்பட்டிருந்த சமுதாயத்தில் பிறந்த பரமேஸ்வரனை, கோவில்களை நிர்வகிக்கும் அறநிலையத் துறைக்கே அமைச்சராக்கினார். வைக்கத்தில் போராட்டமாகத் தொடங்கியது, முப்பது ஆண்டுகளுக்குப்பின் சென்னைக் கோட்டையில் அரசாணையாக வந்தது.

பசியும் படிப்பும்

அவர் பதவி ஏற்றபோது கல்வித் துறையில் பெரும் கொந்தளிப்பு இருந்தது. 1953ஆம் ஆண்டு ராஜாஜி அரசு கொண்டுவந்த திட்டப்படி, தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு வேளைதான் வகுப்பு. மற்ற வேளையில் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். சவரத் தொழிலாளியின் மகன் சவரத்தையும், சலவைத் தொழிலாளியின் மகன் சலவையையும் கற்று அதிலேயே நின்றுவிட வேண்டியதுதானா என்று மக்கள் கொதித்தார்கள். காமராஜர் 1954ஆம் ஆண்டே அத்திட்டத்தை நீக்கினார்.

திட்டத்தை நீக்கியதோடு குறை தீர்ந்துவிடுமா? பள்ளிக்கூடம் திறந்திருந்தாலும் பிள்ளைகள் வரவில்லை. மாடு மேய்க்கும் சிறுவன் ஒருவனிடம் பள்ளிக்குப் போகாதது ஏன் என்று அவர் விசாரித்ததாகவும், போனால் சோறு யார் தருவார் என்று அவன் திருப்பிக் கேட்டதாகவும் மக்கள் சொல்வதுண்டு. அந்தச் சிறுவனின் கேள்விதான் நாட்டின் கேள்வியாக இருந்தது. ஏழை வீட்டில் ஐந்து வயதுப் பிள்ளையும் ஒரு கூலியாள். அவனைப் பள்ளிக்கு அனுப்பினால் அவன் ஈட்டும் கஞ்சி போய்விடும். தாய்க்குக் கல்வியின் அருமை தெரியாமலில்லை. அவள் கையில் அரிசி இல்லை. அவ்வளவுதான்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு தரும் எண்ணம் முற்றிலும் புதிதன்று. 1920ஆம் ஆண்டிலேயே சர்.பிட்டி தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளி ஒன்றில் அதைத் தொடங்கியது. ஆனால் ஒரு நகரத்தில் ஒரு பள்ளியில் செய்வது வேறு. மாநிலம் முழுவதும் செய்வது வேறு. அரசிடம் அவ்வளவு பணம் இல்லை என்ற தயக்கம் நிர்வாகத்தில் எழுந்தது. அதுவும் நியாயமான தயக்கமே. அதைக் காமராஜர் இகழ்ந்து ஒதுக்கிவிடவில்லை. பணத்துக்கு வழி தேடினார். ஊர் ஊராகச் சென்று கையேந்தவும் தாம் தயார் என்றார். 1956ஆம் ஆண்டு எட்டயபுரத்தில் மதிய உணவுப் பணியைத் தொடங்கி வைத்தார். முதலில் ஊராரின் நன்கொடையைக் கொண்டே அது நடந்தது. பின்னர் அரசு தன் பங்கை முறையாக ஏற்றது. ஒரு பிள்ளையின் ஒரு வேளை உணவுக்குப் பத்துக் காசு என்றால், ஆறு காசு அரசாங்கத்துடையது. நான்கு காசு ஊராருடையது.

இந்த ஆறும் நான்கும் சாதாரணக் கணக்கன்று. முழுவதையும் ஊரார் தலையில் போட்டிருந்தால், வசதியுள்ள ஊரில் பிள்ளைகள் உண்பார்கள். வறண்ட ஊரில் பட்டினி கிடப்பார்கள். நன்கொடை தருபவர் மனம் மாறினால் உலையும் அணைந்துவிடும். முழுவதையும் அரசே செய்ய முயன்றால், அன்றைய நிலையில் கஜானா தாங்காது. ஊராருக்கும் அது யாருடைய பள்ளியோ என்ற அலட்சியம் வரும். இரக்கத்தை இப்படிப் பங்கிட்டு, வரவு செலவில் எழுதி, அதிகாரிகளின் கடமையாக ஆக்கியதால்தான் அது நிலைத்தது.

இதே முறையில், பொதுக்கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலுவைத் துணையாகக்கொண்டு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தப்பட்டன. நாற்காலி, மேசை, கடிகாரம், கட்டடம், நிலம் என்று அந்தந்த ஊர் மக்களே வாரி வழங்கினார்கள். ஒரு மைலுக்குள் தொடக்கப் பள்ளி, மூன்று மைலுக்குள் நடுநிலைப் பள்ளி, ஐந்து மைலுக்குள் உயர்நிலைப் பள்ளி என்பது அரசின் இலக்காயிற்று. சம்பளம் கட்ட முடியாமல் பள்ளியை விட்டு நின்ற ஏழைப் பிள்ளைகளுக்காக, 11ஆம் வகுப்பு வரை இலவசக் கல்வி படிப்படியாக வந்தது. ஏழை பணக்காரன் என்ற வேற்றுமை உடையில் தெரியக் கூடாது என்று சீருடையும் வந்தது. பெருநாளைக்குக்கூடப் புத்தாடை இல்லாத பிள்ளையைப் பெற்ற தாய்க்கு இதன் அருமை விளங்கும்.

ஹள்ரத் உமர் (ரலி) அவர்களின் முன்மாதிரி

இந்த இடத்தில் ஹள்ரத் உமர் (ரலி) அவர்களின் நினைவு நமக்கு வராமல் இராது. ஸஹாபாப் பெருமக்களுடன் பிற்காலத்தவர் எவரையும் ஒப்பிடுவது நம் நோக்கமன்று. ஆட்சியாளரின் இரக்கம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அவர்களே உரைகல் என்பதால் அவர்களைக் குறிப்பிடுகிறோம்.

மதீனாவின் எல்லையில் இரவு நேரத்தில் பிள்ளைகள் பசியால் அழ, தாய் வெறும் நீரைக் கொதிக்க வைத்து அவர்களை ஏமாற்றிக்கொண்டிருந்த நிகழ்ச்சியை நாம் பயான்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். கலீஃபா அவர்கள் மாவு மூட்டையைத் தம் முதுகிலேயே சுமந்து சென்று, தாமே அடுப்பு ஊதிச் சமைத்துக் கொடுத்தார்கள். கேட்கும்போதெல்லாம் நம் கண்கள் கலங்குகின்றன.

ஆனால் மற்றொரு நிகழ்ச்சியை நாம் அதிகம் எடுத்துச் சொல்வதில்லை. பால்குடி மறந்த குழந்தைகளுக்கு பைத்துல்மாலிலிருந்து மானியம் என்று உமர் (ரலி) அவர்கள் விதித்திருந்தார்கள். ஓர் இரவு, ஊருக்கு வெளியே தங்கியிருந்த வணிகக் கூட்டத்தில் ஒரு குழந்தை ஓயாமல் அழுவதைக் கேட்டார்கள். விசாரித்தபோது, மானியம் பெறுவதற்காகத் தாய் தன் குழந்தைக்குக் காலத்துக்கு முன்பே பாலை மறக்கடிக்கிறாள் என்பது தெரிந்தது. உமர் (ரலி) அவர்கள் துடித்துப்போனார்கள். தாம் நல்லெண்ணத்துடன் போட்ட சட்டமே குழந்தைகளை வதைக்கிறது என்று உணர்ந்து, பிறந்த நாள் முதலே ஒவ்வொரு குழந்தைக்கும் மானியம் உண்டு என்று மாற்றி அறிவித்தார்கள்.

முதல் நிகழ்ச்சியில் ஒரு வீட்டின் பசி தீர்ந்தது. இரண்டாவதில் ஒரு நாட்டின் குழந்தைகளுக்கு உரிமை கிடைத்தது. மூட்டை சுமப்பதும் இரக்கம்தான். சட்டத்தைத் திருத்துவதும் இரக்கம்தான். ஆட்சிப் பொறுப்பில் இருப்பவரிடம் இரண்டாவதை மக்கள் கேட்டுப் பெற உரிமை உண்டு.

நீரும் நிலமும்

சோறு போட்டால் மட்டும் போதுமா? சோறு விளைய வேண்டும். யூசுஃப் நபி (அலை) அவர்கள் செழிப்பான ஏழு ஆண்டுகளில் தானியத்தைச் சேமித்து, வறட்சியான ஏழு ஆண்டுகளில் மிஸ்ரு நாட்டைக் காத்த வரலாற்றை நம் பிள்ளைகளும் அறிவார்கள். மழைக்காலத்து நீரைத் தேக்கி வைத்துக் கோடையில் பகிர்வதும் அந்த வகையைச் சேர்ந்த வேலையே.

நம் பேச்சிப்பாறை அணை, மன்னர் மூலம் திருநாள் காலத்தில் மிஞ்சின் என்ற ஆங்கிலேயப் பொறியாளரின் உழைப்பில் கோதையாற்றின் குறுக்கே கட்டப்பட்டு 1906ஆம் ஆண்டு முடிந்தது. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழகத்துடன் இணைந்தபோது முதலமைச்சராக இருந்தவர் காமராஜர். மார்ஷல் நேசமணி முதலானோரின் நீண்ட போராட்டத்துக்குப்பின் வந்து சேர்ந்த மாவட்டம் இது. கிழக்கே நாஞ்சில் நாட்டு வயல்கள் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இருபோகம் விளைந்தபோது, மேற்கே மேட்டு நிலங்கள் நீரின்றித் தவித்தன. அந்தக் குறையைப் போக்க எழுந்ததே சிற்றாறு நீர்ப்பாசனத் திட்டம். மாத்தூரில் பறளியாற்றுப் பள்ளத்துக்கு மேலே 28 தூண்களின்மீது 115 அடி உயரத்தில் கட்டப்பட்ட தொட்டிப் பாலம், ஒரு மலையிலிருந்து மறு மலைக்கு நீரைக் கொண்டு போகிறது. காமராஜர் பதவியைவிட்டுச் சென்றபின் 1966ஆம் ஆண்டு அது நிறைவு பெற்றது. இன்று அதைச் சுற்றுலாத் தலமாகப் பார்க்கிறோம். கட்டியவர்கள் அதை விளவங்கோடு, கல்குளம் விவசாயிகளின் கடைமடைக்காகவே கட்டினார்கள்.

மாநிலத்தின் பிற பகுதிகளிலும் மணிமுத்தாறு, வைகை, சாத்தனூர், கிருஷ்ணகிரி, அமராவதி என்று அணைகள் எழுந்தன. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எடுக்கப்பட்டது. கிண்டியில் 1958ஆம் ஆண்டு தொழிற்பேட்டை தொடங்கியது. குத்தகை விவசாயிகளை நிலத்திலிருந்து விரட்டாமல் தடுக்க 1955ஆம் ஆண்டும், நியாயமான குத்தகையை நிர்ணயிக்க 1956ஆம் ஆண்டும் சட்டங்கள் வந்தன. ஆதரிக்க எவருமற்ற முதியோருக்கு மாதம் 20 ரூபாய் உதவித்தொகை தரும் திட்டம் 1962ஆம் ஆண்டு ஏப்ரலில் தொடங்கியது. அன்றைய விலைவாசியில் ஒரு மூதாட்டி பிறர் வாசலில் நிற்காமல் கஞ்சி குடிக்க அது உதவிற்று.

எல்லாம் நிறைவாக நடந்துவிட்டன என்று சொல்லவில்லை. 1961ஆம் ஆண்டு நில உச்சவரம்புச் சட்டம், விலக்குகள் பல இருந்ததால் பெரும் நிலக்காரர்கள் தப்பிக்கவும் வழி விட்டது. அணைகளால் வயல்காரர்கள் பெற்ற நன்மையை, அணை நீரைச் சுற்றி மலையில் வாழும் மக்கள் பெறவில்லை. பேச்சிப்பாறை நீர்த்தேக்கத்தைப் படகில் கடந்து பள்ளிக்கு வந்த காணிக் குழந்தைகளை இப்பகுதியினர் அனைவரும் அறிவர். நாட்டுக்கு நீர் கொடுத்த மலையில் வாழ்பவர்களுக்கு ஒரு மைலில் பள்ளி என்ற இலக்கு எளிதில் எட்டவில்லை. கடைமடை என்பது எப்போதும் கால்வாயின் கடைசியில் மட்டும் இருப்பதில்லை. சில வேளை அணைக்கு மிக அருகிலேயே இருக்கிறது.

அரிசி கற்பித்த பாடம்

ஒன்பதரை ஆண்டு ஆட்சிக்குப்பின், கட்சிப் பணிக்காக 1963ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் அவராகவே முதலமைச்சர் பதவியைத் துறந்தார். அடுத்த ஆண்டு அகில இந்தியக் காங்கிரஸின் தலைவரானார். 1964இல் லால்பகதூர் சாஸ்திரியும், 1966இல் இந்திரா காந்தியும் பிரதமராவதற்கு முக்கிய காரணமாக விளங்கினார். தாம் அந்தப் பதவிக்கு ஆசைப்படவில்லை.

அப்படிப்பட்டவர் 1967ஆம் ஆண்டு, தாம் பிறந்த விருதுநகரிலேயே சட்டமன்றத் தேர்தலில் தோற்றார். எதிர்த்து நின்றவர் பெ.சீனிவாசன் என்ற இளைஞர். வித்தியாசம் 1,285 வாக்குகள். காரணம் என்ன? 1965ஆம் ஆண்டு இந்தி எதிர்ப்புப் போராட்டத்தை அன்றைய அரசு துப்பாக்கியால் எதிர்கொண்டது மக்கள் மனத்தில் ஆறாத புண்ணாகியிருந்தது. அத்துடன் மழை பொய்த்து, அரிசித் தட்டுப்பாடு வந்தது. தாய்மார்கள் கடை வாசலில் காத்து நின்று வெறுங்கையுடன் திரும்பினார்கள். ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று எதிரணி வாக்குறுதி தந்தது. அந்த வாக்குறுதியை அவர்களாலும் முழுமையாக நிறைவேற்ற முடியவில்லை என்பது பிற்காலக் கதை.

மக்கள் நன்றி மறந்தார்கள் என்று இதற்குச் சிலர் விளக்கம் கூறுவர். அது சரியன்று. பத்து ஆண்டுக்கு முன் பிள்ளைக்குச் சோறு போட்டவர் என்பதற்காக, இன்று வீட்டில் பானை காலியாக இருப்பதைத் தாய் மறந்துவிட முடியுமா? நேற்றுத் தொழுத தொழுகை இன்றைய தொழுகைக்கு ஈடாகாது என்பதை நாம் அறிவோம். ஆட்சியாளரின் இரக்கமும் அன்றாடம் நிறைவேற்ற வேண்டிய கடமையே. அதில் களா வைத்தால் மக்கள் பொறுக்க மாட்டார்கள், பொறுக்க வேண்டியதுமில்லை.

தோல்விக்குப்பின் அன்னார் மக்களைச் சபிக்கவில்லை. வெளியே அலைந்து பொதுப்பணியைத் தொடர்ந்தார். மார்ஷல் நேசமணி 1968ஆம் ஆண்டு மறைந்ததால் காலியான நாகர்கோவில் நாடாளுமன்றத் தொகுதிக்கு 1969ஆம் ஆண்டு ஜனவரியில் இடைத்தேர்தல் வந்தது. நம் கன்னியாகுமரி மாவட்ட மக்கள், விருதுநகர் கைவிட்டவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வெற்றிபெறச் செய்தார்கள். 1971ஆம் ஆண்டு அவருடைய கட்சி தமிழகமெங்கும் நாடாளுமன்றத் தொகுதிகளை இழந்தபோதும், நாகர்கோவில் மட்டும் அவரைக் கைவிடவில்லை. இறுதிவரை இத்தொகுதியின் உறுப்பினராகவே இருந்து, 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் சென்னையில் காலமானார். இறக்கும்போது சொந்த வீடோ, நிலமோ, பெரும் பணமோ அவரிடம் இல்லை. மறு ஆண்டு அவருக்குப் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது.

அவர் ஏற்றிய அடுப்பு அவரோடு அணையவில்லை. 1982ஆம் ஆண்டு எம்.ஜி.ஆர் ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிவடைந்தது. 1995ஆம் ஆண்டு முதல் இந்தியா முழுவதற்குமான திட்டமாகப் பரவத் தொடங்கியது. 2022ஆம் ஆண்டு தமிழகப் பள்ளிகளில் காலை உணவும் தொடங்கியது. நம் மலையோரத்தில் ரப்பர் பால் வெட்டுவதற்காக விடியுமுன் வீட்டைவிட்டுப் புறப்படும் தாய்க்கு, பிள்ளை வெறும் வயிற்றோடு பள்ளிக்குப் போகவில்லை என்பது எத்தகைய நிம்மதி! ஆட்சிகள் மாறின, கட்சிகள் மாறின. கணக்கேட்டில் எழுதப்பட்ட இரக்கம் மட்டும் மாறவில்லை.

நம் மஹல்லாவின் கணக்கேடு

அருமைச் சகோதர சகோதரிகளே! இந்த வரலாற்றிலிருந்து அமைச்சர்களுக்கு மட்டும்தான் பாடம் உண்டு என்று எண்ணிவிடாதீர்கள். நம் ஒவ்வொரு மஹல்லாவும் ஒரு சிறிய அரசாங்கம் போன்றதே.

ரமளான் பிறை 27இல் நம் செல்வந்தர்களின் வாசலில் நீண்ட வரிசை நிற்கிறது. முக்காடிட்ட தாய்மார்கள் கைக்குழந்தையுடன் காத்துக் கிடந்து, சில நாணயங்களோ ஒரு நோட்டோ பெற்றுக்கொண்டு அடுத்த வாசலுக்கு நகர்கிறார்கள். அடுத்த ஆண்டும் அதே தாய்மார்கள், அதே வரிசை. ஸகாத் யார் யாருக்கு உரியது என்பதை எட்டு வகையாக இறைமறை வரையறுத்திருக்கிறது. வசூலிப்பவர்களையும் அந்த எட்டில் ஒரு வகையாகச் சேர்த்திருப்பதைச் சிந்தித்துப் பாருங்கள். திரட்டுவதற்கும் பங்கிடுவதற்கும் ஓர் அமைப்பு வேண்டும் என்பது இதிலிருந்தே விளங்கவில்லையா?

ஆகவே ஒவ்வொரு ஜமாஅத்தும் ஓர் ஏடு போடட்டும். மஹல்லாவில் விதவைகள் எத்தனை பேர், படிப்பை நிறுத்திய பிள்ளைகள் எத்தனை பேர், கடனில் சிக்கியவர்கள் யார், மருந்து வாங்க இயலாத முதியோர் யார் என்று அதில் எழுதட்டும். ஸகாத் கொடுப்பவர்கள் தங்கள் பணத்தில் ஒரு பெரும் பங்கையாவது ஒன்றாகச் சேர்க்கட்டும். ஆண்டுக்கு இரண்டு குடும்பங்களையேனும், மறு ஆண்டு வரிசையில் நிற்கத் தேவையில்லாத நிலைக்கு உயர்த்தட்டும். ஒரு தையல் இயந்திரம், ஒரு கறவை மாடு, ஒரு பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் என்று அது அமையலாம். ஸகாத் தவிர்ந்த ஸதகாவிலிருந்து, அருகிலுள்ள சகோதர சமயத்துப் பிள்ளைகளுக்கும் மலைக் குடியிருப்புப் பிள்ளைகளுக்கும் உதவலாம். தாய்மார்கள் பிடி அரிசிப் பானையை மீண்டும் அடுப்படியில் வைக்கலாம். அதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை.

இன்னுமொன்று. வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் கபுருஸ்தானுக்குச் சுற்றுச்சுவர் கேட்பதோடு நாம் நின்றுவிடுகிறோம். அதுவும் கேட்க வேண்டியதுதான். அத்துடன், ரேஷன் அரிசி ஒழுங்காக வருகிறதா, அரசு மருத்துவமனையில் மருந்து இருக்கிறதா, முதியோர் உதவித்தொகை உரியவருக்குக் கிடைக்கிறதா, மலைப் பிள்ளைகளுக்குப் பள்ளி எட்டுகிறதா என்றும் கேட்போமாக. நமக்காக மட்டும் கேட்கிறவர்கள் என்ற பெயர் நமக்கு வேண்டாம்.

எல்லாம் வல்ல அல்லாஹ், ஆட்சிப் பொறுப்பில் உள்ளவர்களின் உள்ளங்களில் இரக்கத்தையும், அதை நிறைவேற்றும் அறிவையும் தருவானாக! நம் ஸகாத்தும் ஸதகாவும் கடைமடைவரை சென்று சேர நல்லுதவி புரிவானாக! ஆமீன்.